சீதன வீடும் உறுதிக் கடதாசியும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்பிள்ளைகளின் வீடு யாருக்குச் சொந்தம்?

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை, தமிழ்க் குடும்பம் என்றாலும் முஸ்லிம் குடும்பம் என்றாலும், வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளின் கல்யாணம் முடிந்ததும் தாய் தகப்பன் பின்வளவில் சின்னதாய் ஒரு வீடு போட்டு ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கும் அதே வளவில் அத்திவாரம் விழும். குடியும் (குலம்) வயிற்றுவாரும் (அதன் உட்கிளை) தாய்வழியில் வரும் ஊர்களில் வீடும் அதே வழியில் போவதில் வியப்பில்லை. இந்த வழக்கத்தின் பெறுமதி பெரியது. புருசன் பெண்சாதிக்குள் சண்டை முற்றினால் எங்கள் பகுதியில் வெளியே போவது புருசன். பிள்ளைகள் பாடசாலை மாற வேண்டியதில்லை. அவளுக்குப் பக்கத்திலேயே தாயும் சகோதரிகளும் இருப்பார்கள்.

இந்த உரிமையைச் சட்டம் தானாகக் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். அது பிழை. மட்டக்களப்புக்கென்று இருந்த முக்குவர் வழக்கச் சட்டத்துக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தோடு வேலையில்லாமல் போனது. யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமை வடமாகாணத் தமிழருக்கானது. அது எங்களுக்குப் பொருந்தாது. கிழக்குத் தமிழருக்கு இன்று பொதுச் சட்டம்தான். அதில் தகப்பன் மரணசாதனம் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு அரைவாசி, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமபங்கு. நாலு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 8இல் 1. பின்னர் தாயும் இறந்தால் 4இல் 1. முப்பது வருடம் அந்த வீட்டில் குடியிருந்து, சமைத்து, கூரை மாற்றிய மகளுக்கும் சட்டத்தில் அந்தக் கால்பங்குதான். முஸ்லிம் குடும்பத்தில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி மார்க்கச் சட்டம் பொருந்தும்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு 8இல் 1, மிச்சத்தில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. ஆண்பிள்ளைகளும் இருந்தால், தாயும் இறந்தபிறகு மகளுக்குச் சேரும் மொத்தப் பங்கு அங்கே இன்னும் சுருங்கும்.

“சபையில் வைத்து வாக்குக் கொடுத்தோம், ஊருக்கே தெரியும்” என்பார்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில், இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருந்து ஒப்பமிட்ட உறுதி, அதாவது காணிப் பத்திரம், வேண்டும். வாய்ச்சொல்லில் காணி மாறாது. பத்து வருட ஆட்சி என்று வாதாடுவதும் இலேசில்லை. தாய் தகப்பனின் சம்மதத்தோடு குடியேறியவள் அவர்களுக்கு எதிராக ஆண்டாள் என்று நிறுவ வேண்டிவரும். அநேகமாக அண்ணன்மார் கொடுத்த வாக்கை மீறுவதில்லை. அண்ணன் இறந்தபிறகு அவருடைய பிள்ளைகள் பங்கு கேட்டு வருகிறார்கள். அவர்கள் அந்தச் சபையில் இருக்கவில்லை.

ஆகவே கல்யாண நாளுக்கு முன்னரே உறுதி முடியவேண்டும். சீதன உறுதியாகவோ நன்கொடை உறுதியாகவோ எழுதலாம். யார் பேரில் எழுதுவது என்பதில்தான் அதிகம் சறுக்குகிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள் என்று இருவர் பேரிலும் எழுதினால் வீட்டின் அரைவாசி அன்றே மாப்பிள்ளைக்குச் சொந்தம். அவர் தன் பங்கை விற்கலாம். அவருடைய கடனுக்கு அந்தப் பங்கின்மீது நீதிமன்றம் கைவைக்கலாம். மகள் பேரில் மட்டும் எழுதினால் விற்பதோ ஈடுவைப்பதோ அவள் ஒப்பத்தில்தான் நடக்கும். கணவனின் சம்மதம் தேவையில்லை என்று பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களுக்கு 1923லேயே சட்டம் வந்துவிட்டது.

பெற்றோர் தங்களுக்குச் சீவிய உரித்து, அதாவது உயிருள்ளவரை வீட்டை அனுபவிக்கும் உரிமை, வைத்துக்கொள்ள வேண்டும். அதை எழுதாத உறுதிகளால் கிழவனும் கிழவியும் தாங்கள் கட்டிய வீட்டிலேயே விருந்தாளியாகிறார்கள். இருவரும் உயிரோடிருக்கும் வரைக்கும், ஒருவருக்குப்பின் மற்றவருக்கும் என்று வசனம் தெளிவாக இருக்கட்டும். நன்கொடையை மகள் ஏற்றுக்கொண்டதாக உறுதியிலேயே அவளுடைய ஒப்பமும் வேண்டும். முஸ்லிம் பெற்றோர் எழுதும் நன்கொடையில் ‘மீளப்பெற முடியாதது’ என்ற சொல் இல்லாவிட்டால் அது மீளப்பெறக்கூடியதாகவே கொள்ளப்படும். மகளுக்கு நிலையான உரிமை கொடுக்கத்தான் எழுதுகிறீர்கள் என்றால் அந்தச் சொல்லைக் கேட்டு எழுதுவியுங்கள்.

அடுத்தது காணியின் எல்லைகளை விபரிக்கும் உறுதியின் அட்டவணை. யாரும் வாசிக்காத, ஆனால் வழக்குகளை உண்டாக்கும் பகுதி இதுதான். 20 பேர்ச் வளவு ஒன்றை, அதாவது 5,445 சதுர அடியை, இரண்டு மகளுக்குப் பிரிக்கிறார்கள் என்று வையுங்கள். வீதியோரம் மூத்தவளுக்கு, பின்பக்கம் இளையவளுக்கு. அட்டவணையில் ‘கிழக்கு: சகோதரியின் காணி’ என்று மட்டும் இருக்கும். பின்னால் இருப்பவள் வீதிக்கு எந்த வழியால் வருவாள்? அக்கா தங்கை ஒற்றுமையாக இருக்கும்வரை முற்றத்தால் நடப்பாள். அக்காவின் மகளுக்குக் கல்யாணம் வந்து முன்பக்கம் மதில் எழும்பும் நாளில் அந்த வழி போய்விடும். கிணறும் அப்படித்தான்: எல்லைக்கோடு கிணற்றின் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு பிரிப்புப் படம் போட்டு, துண்டுகளுக்கு இலக்கமிட்டு, 10 அடிப் பாதையைப் படத்திலேயே தனித்துண்டாகக் காட்டி, பாதை உரிமையையும் கிணற்று உரிமையையும் இரண்டு உறுதிகளிலும் எழுதவேண்டும். படத்துக்குச் செலவழிக்கத் தயங்குகிறவர்கள் பின்னர் பாகப்பிரிவினை வழக்கில் அதைவிடப் பல மடங்கு கொடுக்கிறார்கள், காலத்தையும் சேர்த்து.

உறுதி முடிந்தால் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதியாத சீதன உறுதியை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும்போது, தகப்பன் அவசரத்துக்கு அதே காணியை இன்னொருவருக்கு விற்று, அவர் முதலில் பதிந்துவிட்டால், மோசடி எதுவும் நிறுவப்படாதவிடத்து அவருக்கே முன்னுரிமை. அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் வித்தியாசமாக இருந்தால், உறுதி எழுதும் நாளிலேயே இரண்டு பெயரையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் தனியார் உறுதிக் காணிக்கு. எங்கள் இரு மாவட்டங்களிலும், குறிப்பாகக் கல்லோயாத் திட்டக் குடியேற்றங்களில், பெருமளவு அரச காணி. கையில் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழான பேர்மிட் அல்லது அளிப்புப்பத்திரம். பேர்மிட் காணிக்குச் சீதன உறுதி எழுதினால் அது செல்லாது. அளிப்புக் காணியைக் கைமாற்ற, பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற்றிருக்கவேண்டும். மகளுக்குக் கிடைக்கவேண்டுமானால் அவளைப் பின்னுரித்தாளராக (உரித்தாளருக்குப்பின் காணியைப் பெறுபவராக) நியமித்து, உரித்தாளர் உயிரோடிருக்கும்போதே அதைப் பதிவுசெய்யவேண்டும். விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிவாகுமுன் தகப்பன் இறந்தால் நியமனம் வலுவற்றது. நியமனம் இல்லாவிட்டால் முன்னர் ஆண்மக்கள் முதலில், பெண்மக்கள் அதன்பின் என்றுதான் அந்தச் சட்டத்தின் வாரிசு அட்டவணை இருந்தது. அந்தப் பாகுபாட்டை 2022இல் வந்த திருத்தம் நீக்கியது. வழக்கம் வீட்டை மகளுக்குக் கொடுக்க, அரசாங்கக் கடதாசி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக மகனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

2004 சுனாமிக்குப் பிறகும் இதேதான். கடலோரத்தில் அழிந்தவற்றில் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். மாற்று வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் கணவனின் பெயர் விழுந்தது. புதுவீடும் அவர் பேரில் வந்தது. ஒரு தாய் தன் மகளுக்குக் கொடுத்த வீடு, ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் கைமாறியது. இது பெரிய அநியாயம். இன்று வீட்டுத் திட்டமோ நட்டஈடோ எதற்குப் படிவம் நிரப்பினாலும், அழிந்த வீட்டின் உரித்தாளர் பெயரைக் கேட்டு எழுதச்செய்யுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு உறுதியின் பிரதியையும் கொடுங்கள்.

ஆண்பிள்ளைகளின் பாரமும் உண்மை. தங்கச்சிமாருக்கு வீடு கட்ட மத்தியகிழக்குக்குப் போனவர்களுக்குத் தங்கள் பேரில் ஒரு துண்டு வயல்கூட இல்லாமல் போவதுண்டு. மகன் பணம் போட்டிருந்தால் வயலையோ வேறு காணியையோ அவன் பேரில் எழுதிவைப்பதே நேர்மை. பெற்றோரின் மிச்சச் சொத்திலும் மகள் பங்கு கேட்டால், சீதனமாகப் பெற்றதைக் கணக்கில் சேர்க்கச் சொல்லும் உரிமை பொதுச் சட்டத்தில் சகோதரர்களுக்கு உண்டு.

தாய் தகப்பன் உறுதி எழுதாமலே இறந்துவிட்டார்களா? காணி பெற்றோர் பேரில் இருந்து, எல்லா உரிமையாளரும் சம்மதித்தால், ஒவ்வொருவரும் தன் பங்கைச் சகோதரிக்கு நன்கொடையாக எழுதலாம். வெளிநாட்டில் இருப்பவர் இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை (தனக்காக இன்னொருவர் ஒப்பமிட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை) அனுப்பி, அதை இங்கே பதிவுசெய்யவேண்டும். இறந்த சகோதரன் இருந்தால் அவர் மனைவியும் பிள்ளைகளும் சேரவேண்டும். பிள்ளை 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் நீதிமன்ற அனுமதியின்றி அந்தப் பங்கை எழுத முடியாது. செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்கு, பழைய உறுதி, மரணச் சான்றிதழ்கள், பிள்ளைகள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றோடு போகலாம்.