மலைக்குளிரில் மெத்தென்ற பன்: கரியடுப்பும் வேண்டாம், இம்ப்ரூவரும் வேண்டாம்

மார்கழி பிறந்துவிட்டால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளிலிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மாவு பிசைந்து மூன்று மணி நேரமாகியும் உப்பவே இல்லையே, என்ன செய்வது? இருபது ஆண்டுகளுக்கு மேல் பேக்கரித் தொழிலில் இருந்துவிட்டு, இப்போது குன்னூரில் வீட்டிலேயே பன் சுடப் பழக விரும்புகிறவர்களுக்கு வகுப்பு எடுத்துவரும் எனக்கு இந்தக் கேள்வி அலுத்ததே இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் செய்யும் காரியம்தான் கவலை தருகிறது. சிலர் மேலும் ஒரு கரண்டி ஈஸ்ட் போடுகிறார்கள். சிலர், ரொட்டி மாவை உயரமாகவும் மென்மையாகவும் எழுப்பக் கலக்கும் இம்ப்ரூவர் என்ற பொடியை, கடையில் சில்லறையாகக் கட்டித் தருவதைத் தேடிப் போகிறார்கள். இன்னும் சிலர் கரியடுப்பை மூட்டிச் சமையலறைக்குள் கொண்டுவந்து, கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு, மாவுப் பாத்திரத்தை அதன் பக்கத்தில் வைக்கிறார்கள். கடைசியாகச் சொன்னது உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா ஒரு நாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார். "மாவு நல்லா உப்பிடுச்சு மாஸ்டர், ஆனா எனக்குத்தான் தலை வெடிக்கிற மாதிரி வலிக்குது, குமட்டிக்கிட்டே இருக்கு, சின்னவளும் எழுந்திரிக்க மாட்டேங்கறா" என்றார். மாவை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டதும், பேச்சை நிறுத்திவிட்டு முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள் என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருதான் என்பதால் நானும் ஓடினேன். சமையலறையில் ஒரு பழைய இரும்புச் சட்டியில் கரி பாதி சாம்பலாகி, அடியில் செந்தணலாகக் கனன்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, ஈரத்துணி போர்த்திய எவர்சில்வர் பாத்திரத்தில் மாவு விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது. சன்னல் இடுக்குகளில் குளிர் வராமலிருக்கச் செய்தித்தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். புகையும் இல்லை, வாடையும் இல்லை. இருவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஆக்சிஜன் வைத்தபின் தேறினார்கள்.

கரி எரிந்து தணலாகும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் மணமும் கிடையாது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவுடன் ஒட்டிக்கொள்கிறது; அதனால் மூச்சு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்பு ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கத் தொடங்குகிறது. தலைவலி, குமட்டல், மயக்கம், தூக்கக் கலக்கம் என்று அறிகுறிகள் வரும்போது, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, பித்தம் என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். கொடைக்கானலில் சுற்றுலா வந்தவர்கள் இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி, அப்படியே உயிரிழந்த செய்தி எல்லோரும் படித்ததுதான். மாவை உப்பவைக்க வைத்த கரியும் அதே கரிதான். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். பிறகு 108ஐ அழைக்கலாம். கேஸ் அடுப்பை எரியவிட்டுச் சமையலறையைச் சூடேற்றுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

வெதுவெதுப்பான இடம் வேண்டுமானால் அதற்குத் தீயே தேவையில்லை. அணைத்து வைத்த ஓவனுக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, அதன் அடித்தட்டில் ஒரு பாத்திரம் கொதிநீரை வைத்துக் கதவைச் சாத்தினால் போதும். நீர் ஆறியதும் மாற்ற வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் பெரிய ஹாட்பாக்ஸிலோ, கம்பளியில் சுற்றி அரிசி டிரம்முக்குள்ளோ வைக்கலாம். ஈஸ்ட் 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் நன்றாக வேலை செய்யும். 55 டிகிரியைத் தாண்டினால் செத்துவிடும். ஆகவே கை பொறுக்காத சூட்டில் பாலை ஊற்றிவிட்டு, மாவு உப்பவில்லை என்று குளிரின் மேல் பழி போடக் கூடாது.

மலையில் இரண்டு சங்கதிகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். குளிர் ஈஸ்டை மந்தமாக்குகிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு. அதனால் மாவுக்குள் உண்டாகும் வாயு சமவெளியில் விரிவதைவிட எளிதாக விரிகிறது. முதல் மூன்று மணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டு, வெயில் ஏறியதும் மாவு திடீரென்று பொங்கிச் சரிவது இதனால்தான். பொறுமையிழந்து ஈஸ்டைக் கூட்டியவர்களுக்கு மாவில் கள் வாடை அடிக்கும், மேற்புறம் சுருங்கும், சுட்டால் பன் நடுவில் குழி விழும். சென்னையில் இருக்கும் உறவினர் தந்த குறிப்பில் 7 கிராம் என்றிருந்தால், இங்கே 5 கிராம் போதும் என்பது என் கணக்கு. கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்க்க வேண்டும்: ஈர விரலால் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாகப் பாதியளவு மேலே வந்து நிற்க வேண்டும், உடனே மேலே வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, வராமலே நின்றுவிட்டால் தாமதமாகிவிட்டது.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற, மொறுமொறுப்பான அடுக்கு பிஸ்கட்டான ஊட்டி வர்க்கியைச் செய்கிறவர்கள் இந்தக் குளிரோடு சண்டை போட்டதே இல்லை. கடையில் வாங்கும் ஈஸ்டுக்குப் பதிலாகத் தாங்களே புளிக்கவைத்த மாவைக் கொண்டு, நேரம் கொடுத்து வேலை செய்தார்கள். வீட்டிலும் அப்படிச் செய்யலாம். இரவு ஒன்பது மணிக்கு 3 கிராம் ஈஸ்டோடு பிசைந்து மூடி, குளிர்காலச் சமையலறை மேடையிலேயே விட்டுவிட்டால், காலை ஆறு மணியளவில் மாவு இரண்டு மடங்காகியிருக்கும். அந்த மாவில் சுட்ட பன்னுக்கு இருக்கும் மணம் ஒரு மணி நேரத்தில் உப்பவைத்த மாவுக்கு வராது.

இம்ப்ரூவரைப் பற்றி எனக்குச் சொந்தக் குற்ற உணர்வு உண்டு. நான் தொழில் கற்ற பேக்கரியில் மைதா மூட்டையைப் பிரித்ததும் ஒரு வெள்ளைப் பொடியைக் கைப்பிடியாக அள்ளிப் போடுவோம். எடை போட்டதே இல்லை, அது என்ன என்று கேட்டதும் இல்லை. பொட்டாசியம் புரோமேட் என்று பின்னால்தான் தெரிந்தது. மாவின் பசைப்புரதத்தை இறுக்கி, ரொட்டியை உயரமாகவும் வெண்மையாகவும் எழுப்பும் இந்தப் பொருளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று சந்தேகிக்கப்படும் பொருள்களின் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. 2016இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ரொட்டி, பன், பீட்சா மாதிரிகளைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் புரோமேட்டோ, அதைப் போலவே மாவில் கலக்கும் அயோடேட்டோ இருந்ததாக அறிவித்தது. அதே ஆண்டு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. இன்று சந்தையில் இருக்கும் இம்ப்ரூவர் எல்லாமே புரோமேட் என்று நான் சொல்லவில்லை; நொதிகளையும் வைட்டமின் சியையும் கொண்டு செய்தவை பல. ஆனால் பெயரும் கலவைப் பட்டியலும் இல்லாமல் பாலித்தீன் உறையில் கட்டித் தரும் பொடியைப் பிள்ளைகள் தின்னும் பன்னில் கலக்க யாருக்கும் அவசியம் இல்லை. மென்மைக்கு நம் மண்ணிலேயே ஒன்று விளைகிறது.

அது ஊட்டி உருளைக்கிழங்கு. வேகவைத்து மசித்த கிழங்கிலுள்ள மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பன் மறுநாளும் மெத்தென்று இருக்கும். அரைக் கிலோ மைதாவுக்கு 150 கிராம் மசித்த கிழங்கு, 40 கிராம் சர்க்கரை, 9 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 50 கிராம் வெண்ணெய், 230 மில்லி பால் என்பது நான் வகுப்பில் தரும் அளவு. ஒரு முட்டை சேர்க்கிறவர்கள் பாலை 180 மில்லியாகக் குறைத்துக்கொள்ளலாம். பாலை நன்றாகக் காய்ச்சி ஆறவைத்தே ஊற்ற வேண்டும். காய்ச்சாத பாலிலுள்ள புரதம் மாவின் இழுவையைக் கெடுக்கும். வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி போடலாமா என்று கேட்கிறார்கள். வீட்டில் செய்யும்போது எதற்காக அந்தச் சிக்கனம்? 16 பன்னுக்கு 50 கிராம் வெண்ணெய்தானே போகிறது.

பெரும்பாலோர் தவறுவது பிசைவதில்தான். முதல் ஐந்து நிமிடம் மாவு கையில் பிசுபிசுவென்று ஒட்டும்; அப்போது பயந்து மைதாவைத் தூவத் தொடங்கினால் பன் கல்லாகிவிடும். தூவாமல், உள்ளங்கை அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பி, மீண்டும் தள்ளிக்கொண்டே இருந்தால் பத்தாவது நிமிடத்தில் மாவு மேடையை விட்டுத் தானாகவே பெயர்ந்து வரும். அதன்பின் வெண்ணெயைச் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம் பிசைய வேண்டும். ஒரு நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி நான்கு விரல்களால் இழுத்தால், கிழியாமல் மெல்லிய சவ்வுபோல் விரிந்து, மறுபக்கம் விரல் நிழல் தெரிய வேண்டும். அது தெரியும் வரை நிறுத்தக் கூடாது. பனிக்காலத்தின் வறண்ட பகலில் மாவு கூடுதலாகப் பால் கேட்கும். ஐப்பசி மழையில் குறைவாகக் கேட்கும்.

முதல் உப்பலுக்குப் பின் 60 கிராம் உருண்டைகளாக்கி, ஒன்றுக்கொன்று விரல் இடைவெளி விட்டு ட்ரேயில் அடுக்கினால், இரண்டாம் முறை உப்பும்போது பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பக்கத்தைப் பிய்க்கும்போது வரும் பஞ்சுதான் இந்தப் பன்னின் அழகு. 185 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் போதும். எடுத்த சூட்டோடு மேலே வெண்ணெய் தடவி, மெல்லிய துணியால் மூடினால் தோல் மென்மையாகிவிடும்.

பன் மட்டும் இரவுச் சாப்பாடாகிவிடாது. மைதாவில் தவிடு நீங்கிவிடுவதால் நார்ச்சத்து மிகக் குறைவு. 150 கிராம் மைதாவை எடுத்துவிட்டு அதே அளவு கோதுமை மாவு சேர்த்தாலும் பன் மென்மையாகவே வரும், பாலை மட்டும் இரண்டு கரண்டி கூட்ட வேண்டும். தொட்டுக்கொள்ள, கேரட்டும் முட்டைக்கோசும் போட்ட குருமாவோ பட்டர் பீன்ஸ் குழம்போ வைத்தால் ஒருவருக்கு இரண்டு பன்னோடு வயிறு நிறைந்துவிடும். ஆனால் காய்ந்த பயறு வகைகளில் மலைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. குக்கருக்குள்ளும் சமவெளியில் 120 டிகிரியை எட்டும் சூடு இங்கே சுமார் 116தான் ஆகிறது. குறிப்பில் ஐந்து விசில் என்றிருந்தால் இங்கே ஏழு வைக்க வேண்டியிருக்கும். ராஜ்மா விஷயத்தில் இது ருசியோடு நிற்பதில்லை: அரைவேக்காட்டு ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்ற நச்சு சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியை உண்டாக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் வைத்து, விரலால் நசுக்கினால் நடுவிலும் மசியும் வரை வேகவிட வேண்டும்.

மீந்த பன்னைப் பலர் ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். உறையாத அந்தக் குளிரில்தான் ரொட்டியின் மாவுச்சத்து மிக விரைவாக இறுகுகிறது. மார்கழி இரவில் நம் சமையலறையே ஏறக்குறைய ஃபிரிட்ஜ்தான் என்பதால், மேடையில் வைத்தாலும் பன் சமவெளியைவிடச் சீக்கிரம் வறண்டுவிடும். அன்றைக்குத் தீராதவற்றைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். வேண்டும்போது எடுத்து, இட்லிப் பானையில் ஆவி வந்தபின் துணி விரித்த தட்டில் வைத்து நான்கு நிமிடம் மூடினால், இறுகிய மாவுச்சத்து மறுபடி இளகிவிடும். பள்ளிவிட்டுப் பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து சேரும் நேரத்துக்குப் பானையைத் திறந்தால், காலையில் சுட்ட பன்னுக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வது கடினம்.