அபார்தைட்: 'நிறவெறி' என்று எழுதினால் போதுமா?

தென்னாப்பிரிக்காவில் மக்களை இனவாரியாகச் சட்டம் போட்டுப் பிரித்து வைத்த அபார்தைட் என்ற ஆட்சிமுறையைத் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் 'நிறவெறி' என்றே எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அபார்தைட் என்பது ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல். டச்சிலிருந்து கிளைத்த மொழி அது. 'அபார்ட்' என்றால் தனி. பின்னால் ஒட்டும் 'ஹெய்ட்', நம்முடைய 'மை' விகுதி போலப் பண்பைக் குறிப்பது. அப்படியே தமிழாக்கினால் 'தனிமை' என்று வரும்! ஆனால் தமிழில் தனிமை என்றால் துணையற்ற நிலை. சரி, அது உதவாது.

1948 தேர்தலில் வெள்ளையர்களின் தேசியக் கட்சி இந்தச் சொல்லையே கொள்கையாக வைத்து ஆட்சிக்கு வந்தது. 1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தின் பெயரில் பதிந்தது. ஒருவர் வெள்ளையர்தானா என்று சந்தேகம் வந்தால், தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா சிக்கிக்கொள்கிறதா என்று பார்த்ததும் உண்டு. அதே ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம், யார் எங்கே குடியிருக்கலாம் என்று வகுத்தது. டர்பனின் கேட்டோ மேனரில் வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள், தமிழர்கள் உட்பட, சாட்ஸ்வர்த் போன்ற பகுதிகளுக்குப் பெயர்க்கப்பட்டது இதனால்தான்.

இதைவிடக் கொடுமை 1953இல் நடந்தது. பிரித்து வைத்தாலும் வசதிகள் சமமாக இருக்க வேண்டும் என்று அதற்குமுன் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. அரசு தனி வசதிகள் சட்டத்தைக் கொண்டுவந்து, சமமாக இருக்கத் தேவையில்லை என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. ரயில் நிலையக் காத்திருப்பு அறை, கடற்கரை, பூங்கா பெஞ்சு எல்லாவற்றுக்கும் இதுதான் விதி.

வெறி என்பது ஏறும், இறங்கும். இதுவோ பதிவேடும் முத்திரையுமாக, எந்த ஆவேசமும் இல்லாத எழுத்தர்களைக் கொண்டே ஆண்டுக்கணக்கில் நடந்தது. அதற்கு 'வெறி' என்று பெயர் வைத்தால் சட்டம் தப்பித்துக்கொள்கிறது.

அதனால் 'இனஒதுக்கல்' என்பதே பொருத்தம் என்பேன். 'ஒதுக்கு' என்ற வினைக்கு இரண்டு முகம்: ஒருவருக்கென்று எடுத்து வைப்பது, ஒருவரை விலக்கி வைப்பது. ஊரை விட்டு ஒதுக்கிவைப்பது என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே இரண்டும் சேர்ந்தே நடந்தன. மக்கள்தொகையில் பெரும்பான்மையாக இருந்த கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 13 சதவீதம்தான். 'நிறஒதுக்கல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். சட்டம் பதிந்தது இனத்தை என்பதால் எனக்கு முன்னதே சரியாகப் படுகிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இதை 'இன ஒதுக்கீடு' என்று எழுதிவிடாதீர்கள். விலக்கப்பட்டவர்களை உள்ளே கொண்டுவரத்தான் நம் இட ஒதுக்கீடு வந்தது. விகுதி மாறினால் பொருள் தலைகீழாகிவிடும்.