தரையிறங்கும் நேரத்தில் ஏன் திக்குகிறது? விமான சிமுலேட்டருக்கு ரேம் வாங்கும் கணக்கு

விமான சிமுலேட்டர் ஆடுகிறவர்களுக்குப் பழகிப்போன ஒரு தொல்லை உண்டு. முப்பதாயிரம் அடி உயரத்தில் படம் தடங்கலே இல்லாமல் ஓடும். இறங்க வேண்டிய விமான நிலையம் நெருங்க நெருங்கத் திக்க ஆரம்பிக்கும். சக்கரம் ஓடுபாதையைத் தொடும் நொடியில் திரை அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது விமானம் புல்தரையில் கிடக்கும். எல்லோரும் முதலில் திட்டுவது கிராபிக்ஸ் கார்டைத்தான். ஆனால் பல நேரங்களில் கோளாறு, ஓடும் நிரல் தன் தகவல்களை வைத்துக்கொள்ளும் நினைவகமான ரேம் போதாமையில் இருக்கிறது.

மேலே பறக்கும்போது நிலம் வெகு தொலைவில் இருப்பதால் அதை மேலோட்டமாக வரைந்தால் போதும். இறங்கும்போது அது நடக்காது. மரங்கள், கட்டடங்கள், ஓடுபாதை விளக்குகள், முனையம், நிறுத்தி வைத்த விமானங்கள், சுற்றிப் பறக்கும் மற்ற விமானங்கள் என எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேரும். புறப்பட்ட ஊரின் தகவல்களில் ஒரு பகுதி இன்னும் நினைவகத்தில் இருக்கலாம். தனியாக வாங்கிச் சேர்த்த பெரிய பயணிகள் விமானம் என்றால், அதன் மின்சுற்று, ஹைட்ராலிக்ஸ், பறப்பு மேலாண்மைக் கணினி ஆகியவற்றின் சிமுலேஷனும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் ரேமில் கொள்ளாவிட்டால், அதிகம் தொடாத பகுதிகளை விண்டோஸ் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் இதற்கென்று ஒதுக்கிய பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிடும். பிறகு தேவைப்பட்டால் திரும்ப எடுத்து வரவேண்டும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 80 நானோவினாடி ஆகிறது என்றால், நல்ல எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க ஏறக்குறைய 80 மைக்ரோவினாடி ஆகும், அதாவது ஆயிரம் மடங்கு. ஒரு நொடியில் கைக்கு வரவேண்டிய பொருளுக்குப் பதினேழு நிமிடம் காத்திருப்பது போல.

திரையில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், வேண்டுமென்றால், ஒரு ஃபிரேமை முடிக்கக் கணினிக்கு இருப்பது 16.7 மில்லிவினாடி. பேஜ் ஃபைலில் தகவல் 4 கேபி துண்டுகளாக இருக்கிறது. அப்படி 200 துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வந்தாலே 16 மில்லிவினாடி போய்விடும், அந்த ஃபிரேம் காலி. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னும் மோசம். அதில் ஒரு துண்டுக்கே 10 மில்லிவினாடி வரை ஆகும், இரண்டே துண்டுகள் ஃபிரேமைக் கெடுத்துவிடும். அதனால்தான் ரேம் பற்றாக்குறை சராசரி ஃபிரேம் எண்ணில் பெரிதாகத் தெரிவதில்லை. நொடிக்கு 45 என்று காட்டிக்கொண்டே படம் குலுங்கும்.

ஆகவே குறைந்த செலவில் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வேகம் அல்ல, கொள்ளளவு.

ஒரு காலத்தில் பணம் இருந்தும் இந்தப் பிரச்சினையைத் தீர்க்க முடியவில்லை. 2006இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் ஒரு 32 பிட் நிரல். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகளே 4 ஜிபி வரைதான். கணினியில் 16 ஜிபி இருந்தாலும் நிரலால் அதைத் தொட முடியாது. பல மணி நேரம் பறந்துவிட்டு, கடைசி இறக்கத்தில் ‘நினைவகம் தீர்ந்தது’ என்ற செய்தியோடு எல்லாம் மூடிக்கொள்வது அந்தக் காலத்து வேதனை. மற்ற சிமுலேட்டர்களான எக்ஸ்-பிளேன் 2013இலும், பிரிபேர்3டி 2017இலும், இதைவிடப் பல மடங்கு நினைவகத்தைத் தொடக்கூடிய 64 பிட்டுக்கு மாறின. அந்தச் சுவர் உடைந்தது, பசி வளர்ந்தது. 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரை 16, உச்சம் 32. 2024 பதிப்பில் இந்த மூன்றும் 16, 32, 64 என்று இரட்டிப்பாகிவிட்டன.

‘குறைந்தபட்சம்’ என்று போட்டிருந்தால், நிரல் திறக்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில், கூடவே வரும் சிறிய விமானங்களை ஓட்டி, பிரவுசரை மூடிவைத்து, காட்சித் தரத்தை நடுவில் வைத்தால் 16 ஜிபியில் 2020 பதிப்பைச் சமாளிக்கலாம். பெரிய விமானங்களும் தனி விமான நிலையங்களும் சேர்ப்பவர்களுக்கு 32 ஜிபிதான் சரியான இடம். 64 ஜிபி, எல்லாவற்றையும் நிறுவி வைத்திருப்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு அதில் பாதி சும்மா கிடக்கும், சும்மா கிடக்கும் ரேம் வேகத்தைக் கூட்டாது.

வாங்கும் முன் அளந்து பார்ப்பது நல்லது, செலவில்லாத வேலை. உங்களுடைய மிகக் கனமான பயணத்தை ஓட்டிக்கொண்டே விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, மெமரி பக்கத்தில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ என்ற எண்ணைக் கவனியுங்கள், ரேமில் இல்லாத தகவலை டிஸ்கிலிருந்து எடுக்க வேண்டி வந்த தடவைகள் அவை. ரேம் நிறையும் தறுவாயில் இருந்து, ஒவ்வொரு குலுங்கலுக்கும் அந்த எண் துள்ளினால் ரேம் போதவில்லை. ரேமில் இடம் இருந்தும் குலுங்கினால் கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பியிருந்தால் டெக்ஸ்ச்சர் (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) தரத்தை ஒரு படி குறைப்பதுதான் மருந்து, ரேம் வாங்கிப் பயனில்லை.

சரி, 32 ஜிபி என்று முடிவு செய்தாயிற்று. ஒரே 32 ஜிபி ஸ்டிக்கா (ரேம் பட்டை), இரண்டு 16 ஜிபியா? இரண்டுதான். பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே சாதாரணக் கணினிகளில் இரண்டு சேனல்கள், அதாவது தகவல் போகும் வழிகள், இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே தடவையில் 8 பைட் கடத்தும். டிடிஆர்4 என்ற தலைமுறை ரேமில் 3200 வேகம் என்றால் நொடிக்கு 3200 மில்லியன் தடவை, ஆக 25.6 ஜிபி. இரண்டு சேனலிலும் ஸ்டிக் இருந்தால் 51.2 ஜிபி. ஒற்றை ஸ்டிக் போட்டால் பாதி வழி மூடியே கிடக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் படம் வரைவதும் இதே ரேமை நம்பியிருப்பதால் இழப்பு இன்னும் பெரிது. நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் முதலில் நிரப்ப வேண்டியவை. அடுத்த தலைமுறையான டிடிஆர்5இல் நான்கையும் நிரப்புவது சிக்கல். ரைசன் 7000 வரிசைப் பிராசசர்களுக்கு அவற்றைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600.

இனி வேகம். ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது, வரிசையும் பத்தியுமாக. முதலில் வரிசையைத் திறந்து, பிறகு பத்தியைக் கேட்க வேண்டும். பத்தியைக் கேட்டதிலிருந்து தகவல் வெளியே வரும்வரை எத்தனை கடிகாரத் துடிப்புகள் என்பதுதான் பெட்டியில் காணும் ‘சிஎல்’ எண். அதை 2000ஆல் பெருக்கி வேக எண்ணால் வகுத்தால் நானோவினாடியில் காத்திருப்பு வந்துவிடும். 3200 சிஎல்16, 3600 சிஎல்18, 6000 சிஎல்30 மூன்றுக்குமே விடை 10தான்! 6000 சிஎல்40 என்றால் 13.3. விலையை ஒப்பிடும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சிமுலேட்டருக்கு இந்தக் காத்திருப்பு கொஞ்சம் முக்கியம்தான். அதன் வேலையில் பெரும்பங்கு ஒரே திரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஒரே வேலை வரிசையில், ஓடுகிறது. தேவையான தகவல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகமான கேஷில் இல்லாவிட்டால் ரேமிலிருந்து வரும்வரை அந்தத் திரெட் நிற்க வேண்டும். 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசர், 96 எம்பி எல்3 கேஷை வைத்துக்கொண்டு சிமுலேட்டர்களில் பெயர் வாங்கியதற்குக் காரணம் இதுவே. அப்படிப்பட்ட பிராசசர் வைத்திருப்பவர் விலை உயர்ந்த ரேமைத் தேட வேண்டியதில்லை. மற்றவர்களுக்கும் டிடிஆர்4இல் 3200 சிஎல்16 அல்லது 3600 சிஎல்18, டிடிஆர்5இல் 6000 சிஎல்30 போதும். அதற்கு மேலே விலை ஏறும் அளவுக்குப் பலன் ஏறாது.

வாங்கிய வேகம் தானாக வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 3200 என்று அச்சிட்ட பல ஸ்டிக்குகள் மாட்டியவுடன் 2133இலோ 2666இலோ ஓடும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய், ரேமின் அச்சிட்ட வேகத்துக்கான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்கினால்தான் முழு வேகம் கிடைக்கும். இதை இயக்காமலேயே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

டிடிஆர்4ஆ 5ஆ என்பதை உங்கள் மதர்போர்டு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. ஸ்டிக்கின் அடியில் உள்ள பள்ளம் இடம் மாறியிருப்பதால் ஒன்றில் மற்றொன்று ஏறாது. சிமுலேட்டருக்காக மட்டும் போர்டையே மாற்றுவது வீண். வண்ண விளக்குக்குக் கொடுக்கும் பணமும் அப்படித்தான். பழைய ரேம் வாங்கலாமா என்றால், தாராளமாக. அசையும் பாகம் எதுவும் இல்லாத பொருள். திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு வாங்கி, ரேமைச் சோதிக்கும் நிரலான மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.