ஜூரிட் எக்ஸிபிஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

சென்னையில் நடக்கும் கலை விழாக்களின் ஆங்கில அறிவிப்பில் ‘ஜூரிட் எக்ஸிபிஷன்’ என்று ஒரு வரி வந்தால், தமிழில் அது ‘ஓவியப் போட்டி மற்றும் கண்காட்சி’ ஆகிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. போட்டி என்றால் கொடுத்த படமெல்லாம் சுவரில் மாட்டப்படும், அதில் மூன்றுக்குப் பரிசு என்றுதான் யாரும் நினைப்பார்கள். இது அப்படியல்ல. எந்தப் படம் சுவருக்கு வர வேண்டும் என்பதையே ஒரு குழு முடிவு செய்யும். பரிசு அதற்கப்புறம், பரிசே இல்லாமலும் நடக்கும். 200 படம் வந்து 40க்குத்தான் இடமிருக்கிறது என்றால் 160 படம் வீட்டுக்குத் திரும்பும். இதை முதலிலேயே சொல்லாத அறிவிப்பு, அந்தப் படங்களை அனுப்பியவர்களை ஏமாற்றியதாகவே ஆகும்.

ஜூரி என்ற சொல்லின் வேர் லத்தீனில் ‘யூராரே’, அதாவது சத்தியம் செய்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சத்தியம் செய்துவிட்டு முடிவு சொல்லும் குழுவுக்குப் பெயரானது. சென்னைக்கு அது நீதிமன்றப் படியேறி வந்த சொல். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஜூரி முன்புதான் விசாரிக்கப்பட்டார்கள், மேல்முறையீட்டுக்குப் பிறகு 1947இல் விடுதலையானார்கள். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடம் தரப்படவில்லை. நீதிமன்றத்தை விட்டுப் போன சொல், சினிமா விருதுக் குழுவிலும் கலைக் கண்காட்சியிலும் தங்கிவிட்டது.

கலைக்குள் அது நுழைந்த கதை பாரிஸைச் சேர்ந்தது. அங்கே நடந்த ‘சலோன்’ என்ற கலைக் கண்காட்சியில் 1748 முதல் படங்களைப் பொறுக்கியெடுக்க ஒரு குழு உட்கார்ந்தது. 1863இல் தள்ளப்பட்டவர்களின் கோபம் பெரிதாகவே, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அவர்களுக்குத் தனிக் கண்காட்சிக்கு இடம் கொடுத்தார். 1884இல் ‘ஜூரியும் இல்லை, பரிசும் இல்லை’ என்ற முழக்கத்தோடு வேறொரு கண்காட்சியே பிறந்தது. ஜூரி வேறு, பரிசு வேறு என்று அந்த முழக்கம் பிரித்துச் சொல்வதைக் கவனியுங்கள். நம் மொழிபெயர்ப்பில் தொலைந்துபோவது இந்தப் பிரிவுதான்.

சரி, தமிழ்ச் சொல் எது? ‘நீதிபதி’ கூடவே கூடாது. அது நீதிமன்றப் பதவி. ‘நடுவர்’ நல்ல சொல். நடுவில் நிற்பவர், எந்தப் பக்கமும் சாயாதவர். மதுரைக் காஞ்சி சொல்லும் அறங்கூறவையம், அதாவது நீதி சொல்லும் அவை, அச்சமும் அவலமும் ஆர்வமும் நீக்கி, துலாக்கோல் போல நேராக நிற்பது. ஒரு நடுவர் குழுவுக்கு அதைவிட நல்ல இலக்கணம் கிடைக்காது. ஆனால் பட்டிமன்றத்திலும் கிரிக்கெட்டிலும் பழகிய காதுக்கு, நடுவர் என்றால் களத்துக்கு வந்துவிட்டவர்களுக்குத் தீர்ப்புச் சொல்பவர். யார் ஆடலாம் என்று முடிவு செய்பவர் அல்ல. அந்தப் பொருளைத் தர இன்னொரு சொல் துணைக்கு வேண்டும்.

‘தேர்வு’ பொருந்தும். ஆனால் தமிழ்நாட்டில் தேர்வு என்றதும் ஹால் டிக்கெட்தான் நினைவுக்கு வரும். ‘தெரிவு’ அந்தச் சுமை இல்லாதது. ஈழத்தில் தெரிவுக்குழு என்பது அன்றாடச் சொல். திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் உள்ள ‘தெரிதல்’ இதே ஆராய்ந்து எடுத்தல்தான். எனவே எங்கள் பரிந்துரை: கண்காட்சிக்கு ‘நடுவர் தெரிவுக் கண்காட்சி’, ஆட்களுக்கு ‘தெரிவு நடுவர்கள்’. பரிசு தருபவர்கள் வேறு ஆட்களானால் ‘பரிசு நடுவர்கள்’. ‘தீர்ப்பாயம்’ போலத் ‘தெரிவாயம்’ என்றும் ஆக்கலாம். அழகாக இருக்கிறது, அறிவிப்புப் பலகையில் புரியாது.

தெரிவு பெரும்பாலும் இரண்டு சுற்று. முதலில் புகைப்படத்தைப் பார்த்து, பிறகு படத்தையே நேரில் பார்த்து. முதல் சுற்றில் பெயரை மறைத்துவிடுவதைப் ‘பெயர் மறைத்த தெரிவு’ என்று சொல்லலாம். கோப்பின் பெயரில் தன் பெயரை எழுதி அனுப்பினால் மறைத்தும் பயனில்லை. நடுவர்கள் 3 அல்லது 5 பேர் இருந்தால் வேண்டும், வேண்டாம் என்ற வாக்கு சமமாகாது. மதிப்பெண் முறையில் ஒரு பொறி உண்டு: 1 முதல் 7 வரை போடச் சொன்னால், ஒருவர் முழு அளவையும் பயன்படுத்துவார், மற்ற இருவர் 4, 5 என்றே போடுவார்கள். கூட்டிப் பார்த்தால் முதலாமவரின் விருப்பமே பட்டியலாகியிருக்கும். முதல் பத்துப் படங்களுக்குச் சேர்ந்து உட்கார்ந்து மதிப்பெண் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் இது குறையும். தன் மாணவரின் படம் வந்தால் நடுவர் அந்தப் படத்துக்கு மட்டும் விலகிக்கொள்ள வேண்டும்.

நல்ல படம் முதல் சுற்றிலேயே விழுவதற்குப் பெரும்பாலும் புகைப்படமே காரணம். ஃபிரேமும் கண்ணாடியும் போட்ட பிறகு எடுத்தால் ட்யூப் லைட் ஒரு வெள்ளைப் பட்டையாகக் குறுக்கே விழும். சில வினாடி பார்க்கும் நடுவருக்கு அது விளக்கா, வண்ணமா என்று தெரியாது. கண்ணாடி போடும் முன், வெயில் நேராக விழாத வராந்தாவில், கேமராவைப் படத்தின் நடுப்புள்ளிக்கு நேராகப் பிடித்து எடுங்கள். உயரம் மாறினால் செவ்வகம் சரிவகமாகிவிடும். இரண்டாம் சுற்றில் விழவைப்பது தொங்கவிடும் கயிறு. டி-ரிங்கை (கம்பி கட்டும் D வடிவ வளையம்) மேல்விளிம்பிலிருந்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறக்கிப் பொருத்தி, கம்பியைத் தொய்வில்லாமல் கட்ட வேண்டும். தொய்ந்த சணல் கயிற்றில் படம் முன்பக்கம் குனிந்து நிற்கும். மழைக்காலம் என்றால் கேன்வாஸின் பின்புறத்தைக் காற்றுப் புகாமல் மூடாதீர்கள். சென்னையின் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.

அறிவிப்பில் மேலும் இரண்டு சொற்களைப் பார்த்து எழுத வேண்டும். ‘சமூகக் கலை விழா’ என்றால் ‘எந்தச் சமூகம்?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் பேச்சில் அந்தச் சொல் சாதியையும் குறிக்கிறது. ‘மக்கள் கலை விழா’ போதும். ‘பிராந்தியக் கலைஞர்கள்’ என்பதும் எதையும் சொல்வதில்லை. எந்தெந்த மாவட்டம், பிறந்த ஊரா குடியிருக்கும் ஊரா என்று எழுதிவிடலாம்.

எல்லாம் சேர்த்தால் அறிவிப்பு இப்படி வரும்:

“மக்கள் கலை விழா. நடுவர் தெரிவுக் கண்காட்சி. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் குடியிருக்கும் ஓவியர்கள், சிற்பிகள் அனுப்பலாம். ஒருவருக்கு 2 படைப்புகள். வரும் படைப்புகளில் 40 மட்டுமே காட்சிக்குத் தெரிவு செய்யப்படும். தெரிவானவற்றில் 3 படைப்புகளுக்குப் பரிசு. தெரிவாகாதவற்றின் நுழைவுக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது.”