தீவுப் பறவைகளைக் காணச் செல்வோர் தரும் கட்டணம் எங்கே போய்ச் சேருகிறது?

தீவுகளுக்குப் பறவை பார்க்கச் செல்லும் குழுக்களை வழிநடத்துவது என் தொழில். எந்த லென்ஸ் எடுத்துவர வேண்டும், எத்தனை இனங்களைப் பார்க்க முடியும் என்று கேட்காத பயணி அநேகமாக இல்லை. செலுத்தும் கட்டணத்தில் எவ்வளவு அந்தத் தீவின் காவலுக்குச் செல்கிறது என்று கேட்பவர்களோ மிகக் குறைவு. அந்தக் கேள்வியைத்தான் பயணிகள் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கி.பி. 1500-க்குப் பிறகு உலகில் அழிந்துபோன பறவை இனங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது தீவுகளில் வாழ்ந்தவை. பாலூட்டி வேட்டையாடிகள் இல்லாத நிலத்தில் பல்லாயிரம் தலைமுறைகளாக வாழ்ந்த இப்பறவைகளில் பல தரையிலோ வளைகளிலோ கூடு வைப்பவை. அவற்றுள் சில பறக்கும் திறனையே இழந்தவை. ஆகவே கப்பலேறி வரும் எலிக்கும் பூனைக்கும் அவற்றிடம் எதிர்ப்பே கிடையாது. ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவில் 1918-ஆம் ஆண்டு மக்காம்போ என்ற கப்பல் தரைதட்டியபோது கருப்பு எலிகள் கரையேறின. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அங்கு மட்டுமே வாழ்ந்த ஐந்து வகைப் பறவைகள் இல்லாமற்போயின. நூறு ஆண்டுகள் கழித்து, 2019-இல்தான் தீவு முழுவதும் நச்சு இரை வைத்து எலிகளை ஒழிக்க முடிந்தது. பறக்க இயலாத கானாங்கோழி வகையான வுட்ஹென் அந்த நச்சைத் தின்றுவிடக் கூடாதென்று, அப்பறவைகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துக் கூண்டுகளில் வைத்துக் காத்துப் பிறகு விடுவித்தார்கள். அவற்றின் எண்ணிக்கை இப்போது நன்றாகப் பெருகியிருக்கிறது. ஆனாலும் 2021-இல் மறுபடியும் அங்கே எலிகள் தென்பட்டன. மோப்ப நாய்களையும் பொறிகளையும் கொண்டு மீண்டும் தேட வேண்டியதாயிற்று.

எலிகளை ஒழிக்கும் பெருந்திட்டத்துக்கு அரசும் அறக்கட்டளைகளும் நிதி தர முன்வருகின்றன, ஏனெனில் அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, அறிக்கையில் எழுத வெற்றியும் உண்டு. ஒழித்த பிறகு ஆண்டுதோறும் பொறிகளைச் சோதிப்பதற்கும், வந்திறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்ப்பதற்கும், காவலருக்குச் சம்பளம் கொடுப்பதற்கும் நிதி திரட்டுவதுதான் கடினம். சிறிதானாலும் இடைவிடாமல் வரும் சுற்றுலா வருவாய் இந்தச் செலவுகளுக்குத்தான் மிகவும் பொருத்தமானது.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது சீஷெல்ஸ் நாட்டின் கசின் தீவு. தென்னந்தோப்பாக இருந்த அந்தச் சிறு தீவை, இன்று பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு 1968-இல் விலைக்கு வாங்கியது. அப்போது உலகிலேயே முப்பதுக்கும் குறைவாக எஞ்சியிருந்த சீஷெல்ஸ் கதிர்க்குருவியைக் காப்பதே அதன் நோக்கம். தென்னைகள் குறைக்கப்பட்டு இயற்கைக் காடு மீண்டது, குருவிகள் பெருகின, 1988 முதல் வேறு தீவுகளிலும் கொண்டுபோய் விடப்பட்டன. இன்று அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நேச்சர் சீஷெல்ஸ் என்ற அமைப்பு நிர்வகிக்கும் அத்தீவின் காவலுக்கும் ஆய்வுக்கும் பயணிகளின் கட்டணமே முக்கிய வருவாய். வெளிப்படகு எதுவும் கரையைத் தொட அனுமதி இல்லை. கடலிலேயே தீவின் சொந்தப் படகுக்கு மாறித்தான் இறங்க வேண்டும். வழிகாட்டி இல்லாமல் நடக்கவும், இரவு தங்கவும் முடியாது. இதைக் கெடுபிடி என்று முணுமுணுக்கும் பயணிகள் உண்டு. என்னைக் கேட்டால், இந்தக் கெடுபிடி இல்லாத தீவுக்குத்தான் யோசித்துப் போக வேண்டும்.

ஏனென்றால் சுற்றுலாவே எலிக்கு வழி திறந்துவிடக்கூடும். அதே நாட்டின் ஃப்ரெகேட் தீவில், சுற்றுலா விடுதிக்கான பணிகள் நடந்துவந்த காலகட்டத்தில், 1995-இல், பழுப்பு எலிகள் நுழைந்துவிட்டன. சீஷெல்ஸ் குண்டுகரிச்சான்களில் பெரும்பகுதி அப்போது அந்த ஒரு தீவில்தான் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் எலிகள் ஒழிக்கப்பட்டதால் அப்பறவை பிழைத்தது.

எலியைக் காட்டிலும் சிறியவற்றைப் பயணிகள் தாங்களே சுமந்து வருகிறார்கள். புறப்படும் முன் குழுவினரின் பொருள்களைச் சோதிக்கும்போது நான் முதலில் பார்ப்பது காலணியின் அடிப்பள்ளங்களையும், மழைச்சட்டையின் மணிக்கட்டில் உள்ள வெல்க்ரோ பட்டையையும்தான். அந்தப் பட்டையின் கொக்கிகளுக்கிடையே புல்விதைகள் சிக்கிக்கொண்டால் தூரிகைக்கு வராது. ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க வேண்டும். முக்காலியின் மடிப்பு மூட்டுகளில் காய்ந்த சேறும், பையின் அடித்தையலில் எறும்பும் இருக்கக்கூடும். அண்டார்க்டிகாவை ஒட்டிய கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவில் ஒவ்வொருவரின் காலணியும் உடையும் சோதிக்கப்படுகின்றன. கப்பல்களில் எலி இருக்கிறதா என்று நாய்கள் மோப்பம் பிடிக்கின்றன. 2018-இல் எலியற்றதாக அறிவிக்கப்பட்ட அத்தீவில் தெற்கு ஜார்ஜியா நெட்டைக்காலி என்ற சிறு பறவையின் பாட்டு மீண்டும் கேட்பது இந்தச் சோதனையை நம்பித்தான்.

இனி, பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பது. இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் பகுதியில், வைகியோ, பத்தாந்தா தீவுகளில் மட்டுமே வாழும் வில்சன் சொர்க்கப் பறவையின் ஆண், காட்டுத் தரையில் ஓர் ஆடுகளத்தைத் தேர்ந்துகொண்டு, அதில் விழும் இலைகளை அலகால் கவ்வி அப்புறப்படுத்திக்கொண்டே இருக்கும். சுத்தமான களத்தில்தான் அது ஆடும். அந்தக் களத்தை அறிந்தவர் உள்ளூர்க்காரர். அதன் அருகே மறைவிடம் கட்டி, விடியலுக்கு முன் நம்மை அழைத்துச் சென்று, தம் வீட்டிலேயே தங்கவைத்து அவர் வருவாய் ஈட்டும்போது, அந்தக் காட்டை நிற்கவிடுவதில் அவருக்கும் ஊருக்கும் ஆதாயம் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்திடம் முழுத்தொகையையும் செலுத்திக் கப்பலிலேயே தங்கிச் சாப்பிட்டுத் திரும்பும் பயணத்தில் அந்த ஊருக்குக் கிடைப்பது சொற்பமே. ஈக்வடார் நாட்டின் கலாபகஸ் தீவுகளில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்தது. தொகை பெரிதுதான், ஆனால் அதில் தேசியப் பூங்காவுக்கு எவ்வளவு, உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு என்பது சட்டத்தால் வகுக்கப்பட்டது. அப்படிக் கணக்குச் சொல்லக்கூடிய கட்டணத்தைப் பற்றி நான் குறை சொல்வதில்லை.

தீவில் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் இரண்டை மட்டும் வலியுறுத்துகிறேன். பறவையின் பதிவுசெய்த குரலை ஒலிக்கச்செய்து அதை வரவழைக்கும் பழக்கம், சில இணைகளே வாழும் தீவில் மிகவும் தீங்கானது. வரும் குழுவெல்லாம் அதே இணையின் எல்லையில்தான் ஒலிக்கச்செய்யும். இல்லாத எதிரியைத் தேடி ஆண் பறவை அலையும் நேரமெல்லாம் குஞ்சுக்கு இரை தேடும் நேரத்திலிருந்து போவது. வழிகாட்டி செல்பேசியை எடுத்தால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை பயணிக்கு உண்டு. வேல்ஸ் நாட்டின் ஸ்கோமர் தீவில் பாதையை விட்டு ஓரடி விலகினாலும் காலடியில் பஃபின் பறவையின் வளை இடிந்துபோகக்கூடும். அங்கு நாளொன்றுக்கு 250 பயணிகளை மட்டுமே இறங்க அனுமதிக்கிறார்கள்.

சுற்றுலாவை மட்டும் நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. 2020-இல் விமானங்கள் நின்றபோது கசின் போன்ற தீவுகளின் வருவாயும் நின்றது. எலிக்காவல் மட்டும் நிற்க முடியாது. தவிர, போகவே கூடாத தீவுகளும் இருக்கின்றன. நியூசிலாந்தில் காக்காப்போ கிளிகள் வாழும் வெனுவா ஹோவ் தீவில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. மனிதர்களிடம் வளர்ந்த சிரோக்கோ என்ற காக்காப்போவை வேறு இடங்களுக்குக் கொண்டுவந்து மக்களுக்குக் காட்டியிருக்கிறார்கள்; அது தன் இனத்துக்கு ஆதரவைத் திரட்டித் தந்தது. வெனுவா ஹோவுக்கு அழைத்துப்போக முடியுமா என்று கேட்பவர்களிடம், பயணச்செலவில் ஒரு பங்கைக் காக்காப்போ மீட்புத் திட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்பதே என் பதில்.

முன்பதிவு செய்யும்போது, நுழைவுக் கட்டணம் யார் பெயரில் செலுத்தப்படுகிறது, வழிகாட்டி அந்தத் தீவைச் சேர்ந்தவரா என்ற இரண்டோடு, நோய் பரவினால் கரையிறங்குவதை நிறுவனம் கைவிடுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2023-இல் பறவைக் காய்ச்சல் தெற்கு ஜார்ஜியாவை எட்டியபோது சில கரையிறங்குமிடங்கள் மூடப்பட்டன. இப்படி நேர்ந்தால் பணத்தைத் திருப்பித் தருவோமா, வேறு இடம் காட்டுவோமா என்பதை முன்கூட்டியே எழுதித்தரும் நிறுவனத்துக்கு, தடையை மீறிப் பயணிகளை எப்படியாவது இறக்கிவிட வேண்டிய நெருக்கடி வராது.