எடுக்கும் முன் இடத்தைக் குறியுங்கள்

தொல்லியல் களப் பயிற்சியின் இரண்டாம் நாள் காலை, ஒரு மாணவி மணல்மேட்டிலிருந்து ஓடிவந்து என் கையில் ஒரு பானை ஓட்டை வைத்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஓரத்தில், சீப்பின் பல்லை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்ததுபோல் வரிசையாகப் புள்ளிகள். லப்பீட்டா மட்பாண்டம்! சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் பிஜிக்கு முதன்முதலாகப் படகேறி வந்தவர்களின் கைவேலை. எங்கே கிடந்தது என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தாள். அவள் வந்த காலடித் தடத்தைக் காற்று ஏற்கெனவே மூடத் தொடங்கியிருந்தது.

விட்டி லெவு தீவில் சிங்கடோக்கா ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கின்றன இந்த மணல்மேடுகள். 1989இல் பிஜியின் முதல் தேசியப் பூங்கா ஆனது இந்த இடம். இங்கே அகப்படும் லப்பீட்டா ஓடுகள் பெரும்பாலும் அலங்காரமற்றவை. புள்ளி வைத்த ஓடு அபூர்வம்; அதனால்தான் அன்று மனசு அவ்வளவு வலித்தது.

மணலில் ஒரு சிக்கல் உண்டு, மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லித் தருகிறேன். காற்று மணலை அள்ளிப் போகும். கனமான ஓட்டை அள்ள முடியாது, அது இருந்த இடத்திலேயே கீழே இறங்கும். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் உடைந்த இரண்டு பானைகளின் ஓடுகள் இன்று ஒரே தரையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே காலத்தவை போலத் தோன்றும். அதனால் மணலுக்கு நடுவே ஓடும் கறுத்த மண்பட்டையைத் தேட வேண்டும். மேடு அசையாமல் நின்று செடிகொடி வளர்ந்த காலத்தில் உண்டான மண் அது. ஓடு அந்தப் பட்டைக்குள் இருந்ததா, அதன்மேல் வந்து விழுந்ததா என்பதில்தான் அதன் காலமே இருக்கிறது. ஓடு கிடக்கும் இடத்தில் குறிக்கொடி நட்டு, படம் எடுத்து, அளந்து எழுதிய பிறகே கை வைக்கலாம்.

ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டும் சிலவற்றைச் சொல்ல முடியும். களிமண்ணோடு குயவர் கலந்த மணல்துகளை நுண்ணோக்கியில் பார்த்தால், பானை எந்தத் தீவின் மண்ணில் உருவானது என்று பல சமயம் தெரிந்துவிடும். ஆனால் யார் வீட்டில், எந்த அடுப்பின் பக்கத்தில் உடைந்தது என்பதை அது சொல்லாது.

குழி வெட்டுவதற்கு முன் ஊரின் சம்மதம் வேண்டும். பிஜி அருங்காட்சியகத்தின் அனுமதிக் கடிதம் கையில் இருந்தாலும், யங்கோனா என்ற செடியின் வேர்க்கட்டை (கரைத்துப் பானமாகக் குடிப்பார்கள்) ஊர்ப் பெரியவர் முன் வைத்து, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். செவுசெவு என்கிறார்கள் இதை. தொப்பியைக் கழற்றாமல் உள்ளே நுழையும் மாணவரை வாசலிலேயே நிறுத்திவிடுவேன். தோண்டப்போவது அவர்களுடைய முன்னோர் நிலம்.

எலும்பு தென்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்துகிறோம். 1980களில் இதே மேட்டில் பெரிய இடுகாடு ஒன்றை அகழ்ந்திருக்கிறார்கள். புயலும் காற்றும் இன்னும் எலும்புகளை வெளியே கொண்டுவருகின்றன. துணி போட்டு மூடி, அருங்காட்சியகத்துக்கும் ஊருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்துப் பகிர்வதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. சுற்றுலா வருபவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: நினைவுக்கென்று ஒரு ஓட்டைக்கூட எடுத்துப் போகாதீர்கள்.

அன்று மாலை அந்த ஓட்டுக்கான பைச்சீட்டை அவளையே எழுதச் சொன்னேன். 'மேற்பரப்பு. இடம் தெரியவில்லை.' பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் முதல் முகாம் முடியும்வரை அவள் இடுப்பில் ஒரு கட்டு குறிக்கொடிகள் இருந்தன.