கம்பி சிறுத்தது, விரல் சிறுக்கவில்லை

புதிதாக வாங்கிய மாதிரி டீசல் ரயில் எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளவாக்கில் பாருங்கள். சக்கரங்கள் அச்சு அசல், எழுத்துகள் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவுக்குத் துல்லியம். ஆனால் எஞ்சினின் பக்கவாட்டு நடைபாதை ஓரமாக ஓடும் கைப்பிடிக் கம்பி மட்டும் ஊர்கிற பாம்பு மாதிரி நெளிந்திருக்கும். எத்தனை முறை விரலால் நீவிவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் பழைய நெளிவுக்கே போய்விடும்.

நெளிவு உண்மையில் மிகச் சிறியது, அரை மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். ஆனாலும் கண்ணில் குத்துகிறது. நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க நம் கண்ணுக்கு ஏறத்தாழ 1 வில்நிமிட (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) இடைவெளி தேவை. அதே கண், ஒரு நேர்கோடு இடையில் விலகியிருந்தால் சில வில்வினாடி (வில்நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு) விலகலைக்கூடக் கண்டுபிடித்துவிடும். அரை மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் 10 வில்வினாடி என்பது 0.025 மி.மீ.கூட இல்லை. எஞ்சினிலேயே மிக நீளமான நேர்கோடு இந்தக் கம்பிதான். அதனால் அதன் கோணல்தான் முதலில் தெரிகிறது.

கம்பி ஏன் இப்படித் தொய்கிறது? நிஜ எஞ்சினில் இருப்பது எஃகுக் குழாய். அதன் வெளிவிட்டம் 33 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எச்ஓ எனும் மாதிரி ரயில் அளவு என்பது 1:87, ஆக மாதிரியில் கம்பி 0.38 மி.மீ. தடிமன்தான் இருக்க வேண்டும். அதே எஃகில், அதே விகிதத்தில் அச்சு அசலாகச் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், தீராது. ஒரு கம்பி வளைந்து கெடாமல் எவ்வளவு எடை தாங்கும் என்பது விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதம், நீளத்துக்கு எதிர்விகிதம். இரண்டையும் 87 மடங்கு குறைத்தால் தாங்கும் எடை 87 பெருக்கல் 87, அதாவது 7,569 மடங்கு குறையும். 75 கிலோ எடையுள்ள ஆள் முழு எடையோடு சாயும்போது தாங்குகிற நிஜக் கம்பியின் கச்சிதமான மாதிரி, வெறும் 10 கிராமைத்தான் தாங்கும்!

மாதிரி ஓட்டுநரின் எடை இன்னும் வேகமாக, மும்மடியில் குறைகிறது. அவர் சாய்ந்தால் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. எஞ்சினைத் தூக்குகிற விரல்தான் வில்லன். அது 1:87க்குச் சுருங்கவில்லை. தூசு தட்டும்போதுகூட அது 10 கிராமுக்கு மேல் அழுத்திவிடும்.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியும். அதனால்தான் பலர் கைப்பிடிக் கம்பியை மட்டும் அசிட்டால் வகைப் பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். டெல்ரின் என்ற வணிகப் பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாதிரிகளின் பல்சக்கரங்களையும் இதில் செய்வதுண்டு. எஞ்சின் உடல் செய்யும் பாலிஸ்டைரீனையோ ஏபிஎஸ்ஸையோ இவ்வளவு மெல்லிதாக வார்த்தால் முதல் இடியிலேயே ஒடிந்துவிடும். அசிட்டால் ஒடியாது, வளைந்து திரும்பும். குழந்தை கையில் போனாலும் ஓரளவு பிழைக்கும். அதைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் பிளாஸ்டிக்கின் சங்கடங்கள் வேறு. ஒன்று, அது மிகவும் துவளும். ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதைக் காட்டும் யங் குணகம் அசிட்டாலுக்குச் சுமார் 3 கிகாபாஸ்கல், பாஸ்பர் வெண்கலத்துக்குச் சுமார் 110, எஃகுக்கு 200. இரண்டு, நெடுநேரம் வளைந்தே கிடந்தால் அந்த வளைவு மெல்ல மெல்ல நிலைத்துவிடும். உள்ளே பாலிமர் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, புது இடத்தில் குடியேறிவிடுகின்றன. கடைக்கு வரும் முன் பல மாதம் பெட்டிக்குள் அழுந்திக் கிடந்த கம்பி அந்தப் பெட்டியின் வடிவத்தையே கற்றுக்கொண்டிருக்கும். வெந்நீரில் முக்கி, நேராகப் பிடித்து, குளிர்ந்த நீரில் ஆற்றும் வித்தை ஒன்று உண்டு. கொஞ்ச நாள் பலிக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது சங்கடம் தடிமன். உருகிய பிளாஸ்டிக் நீண்ட குறுகிய வழியில் பாய்ந்து முடிப்பதற்குள் உறைந்துவிடக் கூடாது. அதனால் வார்த்த கம்பி பெரும்பாலும் சரியான அளவைவிடப் பருமனாகவே இருக்கும். 0.6 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், நிஜ எஞ்சினில் அது 5 செ.மீ.க்கும் அதிகமான குழாய். கைப்பிடிக்கு அது மிகப் பருமன்.

இங்கேதான் உலோகக் கம்பி ஜெயிக்கிறது. வளைவு விறைப்பு விட்டத்தின் நான்மடியைப் பொறுத்தது. 0.6லிருந்து 0.38 மி.மீ.க்கு இறங்கினால் வடிவத்தால் வரும் விறைப்பு சுமார் 6 மடங்கு குறைகிறது. பாஸ்பர் வெண்கலமோ பொருளளவில் சுமார் 37 மடங்கு விறைப்பு. கூட்டிக் கழித்தால், மெலிந்த பிறகும் புதுக் கம்பி பழையதைவிட 6 மடங்கு விறைப்பாக நிற்கும்.

எந்த உலோகம் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விறைப்பு மட்டும் போதாது, தெரியாமல் இடித்துவிட்டாலும் கம்பி பழைய நிலைக்கு மீள வேண்டும். கம்பியைத் தாங்கி நிற்கும் இரண்டு குத்துக்கால்களுக்கு நடுவே 25 மி.மீ. இடைவெளி என்று வைத்துக் கணக்குப் போட்டால், சூடாக்கி மென்மையாக்கிய பித்தளைக் கம்பி கால் மில்லிமீட்டர் அமுங்கினாலே மீட்சி எல்லையைத் தாண்டிவிடும், நெளிவு அப்படியே நிற்கும். கடினமாக இழுத்த பாஸ்பர் வெண்கலம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கித் திரும்பும். பியானோ கம்பி எஃகு அதைவிட மேல், ஆனால் அதை வெட்டினால் சாதாரண வெட்டுக்குறட்டின் வாய் பல்லிளித்துவிடும். என் குறடு ஒன்று அப்படித்தான் போனது. என் ஓட்டு பாஸ்பர் வெண்கலத்துக்குத்தான். அதுவும் சுருளாக அல்ல, நேர்க்குச்சியாகவே வாங்குவது உத்தமம்.

மென்பித்தளைச் சுருள்தான் கையில் இருக்கிறது என்றால் அதையும் நேராக்கலாம். ஒரு முனையை வைஸில் இறுக்குங்கள், மறுமுனையைக் குறட்டால் பிடித்து நிதானமாக இழுங்கள். முதலில் கம்பி கல் மாதிரி எதிர்க்கும். திடீரென்று ஒரு கணம், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் லேசாக 'கொடுக்கும்'. அங்கேயே நிறுத்துங்கள். சுருளில் கிடந்தபோது கம்பியின் வெளிப்பக்கம் நீண்டும் உட்பக்கம் சுருங்கியும் இருந்தது. முழுக் குறுக்குவெட்டும் ஒருசேர மீட்சி எல்லையைத் தாண்டும்வரை இழுத்ததில் அந்த ஏற்றத்தாழ்வு அழிந்துவிடுகிறது. கையை விட்டதும் கோல் போல நேராக நிற்கும் கம்பியைப் பார்ப்பது தனிச் சுகம்.

அப்புறம் குத்துக்கால்கள். பழைய பிளாஸ்டிக் குத்துக்கால்களையே வைத்துக்கொண்டு, கையால் திருகும் சிறு துளைப்பானில் 0.4 மி.மீ. அலகு மாட்டி ஒவ்வொன்றின் தலையிலும் துளையிடலாம். பொறுமையைச் சோதிக்கும் வேலை, அசிட்டால் வழுக்கி அலகைத் தள்ளிவிடும். ஊசி முனையால் ஒரு குழி குத்திவிட்டுத் தொடங்குங்கள். வேதிப்பொருளால் அரித்து வெட்டிய பித்தளைக் குத்துக்கால்கள் கிடைத்தால் மொத்தமாக மாற்றிவிடுவதே நல்லது. சால்டர் வைப்பதாக இருந்தால் எஞ்சின் மேலேயே வைக்க வேண்டாம். வழக்கமான ஈய-வெள்ளீயக் கலவை 183 டிகிரியில் உருகத் தொடங்கும், பிளாஸ்டிக் உடல் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். மரப்பலகையில் அளவு குறித்துத் துளையிட்டு, குத்துக்கால்களை அதில் நட்டுப் பற்றவைத்து, பிறகு பொருத்துங்கள்.

ஆனால் எல்லாக் குத்துக்கால்களிலும் கம்பியைப் பற்றவைக்காதீர்கள், பசையும் போடாதீர்கள். நான் முதல் முறை செய்த தப்பு இதுதான். அழகாக ஒட்டி முடித்த கம்பி, குளிர்ந்த ஓர் இரவுக்குப் பிறகு மறுபடி பாம்பாகிவிட்டது.

காரணம் வெப்ப விரிவு. 20 செ.மீ. நீள ஏபிஎஸ் உடல் வெப்பநிலை 20 டிகிரி இறங்கினால் சுமார் 0.32 மி.மீ. சுருங்கும். அதே நீளப் பித்தளையோ பாஸ்பர் வெண்கலமோ 0.08 மி.மீ. கூடச் சுருங்காது. மிச்சமிருக்கும் கால் மில்லிமீட்டர் கம்பி எங்கே போகும்? எட்டு இடைவெளிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 0.03 மி.மீ. உபரி. ஒன்றுமில்லை என்று தோன்றும். ஒரு காகிதத்தை மேசையில் வைத்து இரு ஓரத்தையும் உள்நோக்கிக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள், நடுவில் எவ்வளவு உயரம் எழும்புகிறது? அதே கதைதான். 25 மி.மீ. நீளத்தில் 0.03 மி.மீ. உபரி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் புடைப்பாக மாறும். நிஜ எஞ்சினில் அது நாலு செ.மீ.க்கும் குறையாத கோணல்.

ஆகவே ஒரே ஓர் இடத்தில், நடுவிலோ ஒரு முனையிலோ, கம்பியைப் பிணைத்துவிட்டு மற்ற குத்துக்கால்களில் துளைக்குள் வழுக்க விடுங்கள். வண்ணம் பூசும்போதும் அந்தத் துளைகள் அடைபடாமல் பூச்சு காயும் முன் கம்பியை ஒருமுறை முன்னும் பின்னும் அசைத்துவிடுங்கள்.

தண்டவாளத்தில் ஏற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். பிளாஸ்டிக் கம்பிக்கு இல்லாத ஒரு குணம் உலோகத்துக்கு உண்டு, மின்சாரம் கடத்தும். சில எஞ்சின்களின் அடிச்சட்டம் இரு பாதிகளாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியும் ஒரு தண்டவாளத்தின் மின்சாரத்தைச் சுமக்கும். முன்பக்கம் குறுக்கே ஓடும் கைப்பிடியின் இரு கால்களும் உடலைத் துளைத்துக்கொண்டு உள்ளே இரு பாதிகளையும் தொட்டால் நேரடிக் குறுக்குச்சுற்று. டிஜிட்டல் கட்டுப்பாட்டுப் பாதையில் பல ஆம்பியர் பாயும், மெல்லிய கம்பி நொடியில் சூடேறி உடலை உருக்கிவிடும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கால்களை அரத்தால் குறைத்துவிடுங்கள்.

வண்ணத்துக்கு முன் பித்தளையையும் வெண்கலத்தையும் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் வகை அடிப்பூச்சைப் பூச வேண்டும். பூச்சு மெல்லிதாக இருக்கட்டும், சுற்றிலும் 0.03 மி.மீ. ஏறினாலே 0.38 என்பது 0.44 ஆகிவிடும். எவ்வளவு கவனமாகப் பூசினாலும் கேபின் படிக்கட்டுப் பக்கம் முதலில் உரியும், அங்கேதான் நம் விரல் அடிக்கடி படுகிறது. நிஜ எஞ்சினிலும் ஓட்டுநர் பிடித்து ஏறும் அந்தக் கம்பியில்தான் வண்ணம் தேய்ந்து எஃகு பளபளக்கும். பித்தளை என்றால் மஞ்சளாகத் தெரிந்து குட்டை உடைத்துவிடும். அதனால் அந்த இரண்டு குட்டைக் கம்பிகளை மட்டும், குறடு போனாலும் பரவாயில்லை என்று, நான் பியானோ கம்பியில்தான் செய்கிறேன்.